டிஸ்க் இடம்பெயர்ந்த படலம்

முகமது பின் துக்ளக் 1327-இல் தலைநகரை டில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றியதை நாம் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறோம். அந்த மனுஷனுக்காகப் பேச ஒருத்தரும் இல்லை என்பதால் நான் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். அவ்வளவு தூரம் நடந்து, கால் கொப்பளித்துப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவருக்கும் தான் யார் என்பது மறந்துபோகவில்லை. நம்முடைய ஐடி துறைக்கு இந்தப் பெருமை கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு பழைய ஸ்டோரேஜிலிருந்து புது ஸ்டோரேஜுக்கு யூசர் டிஸ்குகளைக் கொண்டுபோவார்கள். திங்கட்கிழமை காலை சீனியர் அக்கவுண்டண்ட் ஒருவர் லாகின் செய்வார். பல வருஷமாக அதே நாற்காலியைத் தேய்த்தவர். விண்டோஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவருக்குத் தருகிற நீலத் திரையையும் குப்பைத்தொட்டிப் படத்தையும் தந்து உட்காரச் சொல்லும்.

இந்தக் கூத்துக்கு 60 வருஷத்துக்கு மேற்பட்ட பூர்வகதை உண்டு. படலம் படலமாகச் சொல்கிறேன். நடுவில் தூங்குகிறவர்கள் தூங்கலாம், கடைசியில் எழுப்பிவிடுகிறேன்.

ஆதியில் கம்ப்யூட்டர் ஒன்று, மனிதர்கள் பலர். அட்டையில் துளை போட்டு எழுதிய புரோகிராமைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் வந்தால் விடை கிடைக்கும். விடை பெரும்பாலும் 'ஒரு கமா விட்டுப்போச்சு' என்பதாக இருக்கும். இந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் அமெரிக்காவில் எம்ஐடியைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய கூட்டாளிகளும் 1961 நவம்பரில் சிடிஎஸ்எஸ் என்ற ஒன்றைச் செய்துகாட்டினார்கள். ஒரே இயந்திரத்தைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். இயந்திரம் ஒவ்வொருவர் பக்கமும் ஒரு கணம் திரும்பி, 'உன்னைத்தான் கவனிக்கிறேன்' என்று நடிக்கும்.

பல பேர் என்று ஆனதும் 'என் ஃபைல், உன் ஃபைல்' வந்தது. அது வந்ததும் பாஸ்வேர்ட் வந்தது. பாஸ்வேர்ட் வந்ததும் திருட்டும் வந்தது, அதிக நாள் காக்கவைக்காமல். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் இயந்திரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். பிஎச்டி முடிக்க அது போதவில்லை. 1962-இல் அவர் ஒரு அட்டையில் துளை போட்டு, 'இந்த ஃபைலை அச்சடித்துக் கொடுக்கவும்' என்று பிரிண்ட் பிரிவுக்கு அனுப்பினார். அந்த ஃபைல்தான் எல்லோருடைய பாஸ்வேர்டும் அடங்கிய பட்டியல். மறுவார்த்தை இல்லாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். தன் மேல் மட்டும் பழி விழக்கூடாது என்று ஷெர் பட்டியலைச் சிலருக்கு விநியோகமும் செய்தார். வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஜே. சி. ஆர். லிக்லைடர், இணையத்தின் மூதாதையர் வரிசையில் இன்று படம் மாட்டப்படுகிற மேதை. அவர் உடனே ராபர்ட் ஃபானோ என்ற இன்னொரு மேதையின் கணக்கில் நுழைந்து கிண்டல் செய்தி எழுதிவைத்துவிட்டு வந்தார். மேதைகளுக்கு இதில் விதிவிலக்கு கிடையாது. ஷெர் குற்றத்தை ஒப்புக்கொண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான், பிஎச்டியெல்லாம் பத்திரமான பிறகு.

1966-இல் இன்னொன்று நடந்தது. நம் கதைக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா. சிடிஎஸ்எஸ்ஸின் எடிட்டர், ஒருவர் எதைத் திருத்தினாலும் அதை ஒரே தற்காலிகப் பெயரில் வைத்துக்கொள்ளும். ஒரு டைரக்டரியில் ஒரு நேரத்தில் ஒருவர்தானே உட்காருவார் என்ற நம்பிக்கை. நிர்வாகிகளின் டைரக்டரியில் ஒரு நாள் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் லாகின் செய்பவர்களுக்கான வரவேற்புச் செய்தியைத் திருத்தினார், மற்றவர் பாஸ்வேர்ட் பட்டியலைத் திருத்தினார். இரண்டும் இடம் மாறிக்கொண்டன. அதன்பின் லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புரையாக ஊரார் பாஸ்வேர்ட் மொத்தமும் திரையில் ஓடியது. கடைசியில் ஒருவர் இயந்திரத்தை வேண்டுமென்றே முடக்கித்தான் அதை நிறுத்தினார். எந்த ஃபைலும் கெடவில்லை, ஒரு எழுத்துகூட அழியவில்லை. தப்பான பெயரில் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான். இதை மனதில் வையுங்கள், திங்கட்கிழமை காலைக்குத் தேவைப்படும்.

அடுத்து வருவது பொற்காலம். எல்லாப் பொற்காலமும்போல அதில் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியாது, பின்னால் வந்தவர்கள் அதைப் படிக்கவும் இல்லை.

1983-இல் எம்ஐடி அத்தீனா திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்தில் எந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாலும் உன் ஃபைல்கள் உன்னைத் தேடி வர வேண்டும் என்பது கனவு. யாருடைய வீடு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதை ஹெசியாட் என்ற பதிவேட்டைக் கேட்டால் சொல்லும். வீடு இடம் மாறினால் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். கிட்டத்தட்ட அதே காலத்தில், பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம் என்ற ஒன்றைக் கட்டினார்கள். அது இதைவிட ஒரு படி மேல். ஒவ்வொரு மாணவரின் வீடும் ஒரு 'வால்யூம்'. நிர்வாகி 'வாஸ் மூவ்' என்று ஒரு கட்டளை போடுவார். வால்யூம் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போய்விடும். எங்கே போனது என்பதை இருப்பிடப் பதிவேடு குறித்துக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்து கட்டுரை அடித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு அதிகபட்சம் ஒரு சிறு தயக்கம் தெரியும். முகவரி மாறாது, அனுமதி மாறாது, வால்பேப்பர் மாறாது.

இது எண்பதுகளில். ராஜீவ் காந்தி கம்ப்யூட்டர் கொண்டுவரப் போகிறார், வேலை போய்விடும் என்று இங்கே ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலத்தில், யூசரின் வீட்டை அவருக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக இடம்மாற்றும் பிரச்சினையை அவர்கள் தீர்த்து, ஆவணமும் எழுதி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த முப்பது வருஷ வரலாறு, இந்தத் தீர்வை உலகம் எப்படி வெற்றிகரமாகத் தவிர்த்தது என்பதன் வரலாறு.

தவிர்த்ததில் முதல் பரிசு ரெட்மண்டுக்கு, அதாவது மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகத்துக்கு. மைக்ரோசாஃப்ட்டின் ஆதிக் கொள்கை, ஒரு மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள். பல பேர் ஒரே இயந்திரத்தில் என்பதே அவர்களுக்குக் கூட்டுக் குடும்ப விவகாரமாகத் தெரிந்தது. ஐபிஎம்மில் இருந்த எட் இயகோபுச்சிக்கு அப்படித் தெரியவில்லை. அவர் 1989-இல் வெளியே வந்து சிட்ரிக்ஸைத் தொடங்கி, மைக்ரோசாஃப்ட்டிடமே உரிமம் வாங்கி, 1995-இல் வின்ஃப்ரேம் என்று ஒன்றை விற்றார். விண்டோஸ் என்டி ஒன்றுதான், அதற்குள் பல பேர். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பார்த்த ரெட்மண்ட் 1997 தொடக்கத்தில் 'நாங்களே செய்துகொள்ளலாம் என்று யோசிக்கிறோம்' என்று தொண்டையைக் கனைத்தது. சிட்ரிக்ஸ் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்தது. சில மாதம் உட்கார்ந்து பேசிய பிறகு, 7.5 கோடி டாலர் முன்பணம் கொடுத்து மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்கியது. 1998-இல் டெர்மினல் சர்வர் எடிஷன் வந்தது. வளர்ப்பில் இருந்தபோது அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹைட்ரா, வெட்டினால் தலை முளைக்கிற கிரேக்கப் பாம்பு. பெயர் வைத்தவருக்குப் பிற்காலம் தெரிந்திருக்கிறது.

சரி, பல பேர் உள்ளே வந்தாயிற்று. அவர்களுடைய டெஸ்க்டாப், மவுஸ் வேகம், அவுட்லுக் கையெழுத்து, பேரக்குழந்தை வால்பேப்பர் எல்லாம் எங்கே இருக்கும்? இன்று இந்தச் சர்வர், நாளை அந்தச் சர்வர் என்று அலைகிறவருக்கு என்ன செய்வது? அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த பதில் ரோமிங் ப்ரொஃபைல். லாகின் செய்யும்போது ஃபைல் சர்வரிலிருந்து உன் உடைமை முழுவதையும் இறக்கும். லாக்-ஆஃப் செய்யும்போது முழுவதையும் திரும்ப ஏற்றும். ஒரு நாள் கல்யாணத்துக்குப் போக வீட்டிலிருக்கும் கிரைண்டர், பீரோ, கட்டில் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், ராத்திரியே திரும்பக் கொண்டுவருகிற குடும்பத்தைக் கற்பனை செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு சினிமா வைத்திருந்தவர் காலையில் லாகின் செய்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு டீக்குப் போவார். தொண்ணூறுகளின் இறுதியில் அலுவலக டீக்கடைகள் செழித்ததற்கு நான் இதைத்தான் காரணமாகச் சொல்வேன்.

இதற்கு ஒரு கட்டுப்பாட்டையும் கண்டுபிடித்தார்கள். ப்ரொஃபைல் அளவுக்கு வரம்பு வைக்கலாம், வரம்பைத் தாண்டினால் லாக்-ஆஃப் செய்ய விடாது. 'இடம் தீர்ந்துவிட்டது, எதையாவது நகர்த்தினால்தான் வெளியே போகலாம்' என்று செய்தி வரும். ஆபீஸை விட்டுப் போகவே முடியாதபடி மென்பொருளே வாசலை மறித்தது வரலாற்றில் அப்போதுதான். இன்றைய மேனேஜர்கள் அதை மென்பொருள் இல்லாமலேயே செய்கிறார்கள்.

போதாததற்கு அவதாரங்கள். விஸ்டா வந்தபோது ப்ரொஃபைலின் அமைப்பு மாறியதால், ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் '.வி2' என்று ஒட்டினார்கள். விண்டோஸ் 10 வந்தபோது அது '.வி5' ஆனது, அதிலேயே 1607 பதிப்பில் '.வி6'. ஒரே ஊழியர், ஃபைல் சர்வரில் மூன்று உடம்பு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குத் தெரியாது.

2012-இல் விண்டோஸ் சர்வர் 2012 வந்தது. கூடவே நம் கதாநாயகன், யூசர் ப்ரொஃபைல் டிஸ்க். சுருக்கமாக யுபிடி. நினைப்பு நல்ல நினைப்புதான். சாமானை ஏற்றி இறக்காதே, மொத்தத்தையும் ஒரே பெட்டிக்குள் வை. பெட்டி என்பது விஎச்டிஎக்ஸ் என்ற ஒரே ஃபைல். அது ஃபைல் சர்வரில் ஒரு ஷேரில் இருக்கும். யூசர் லாகின் செய்ததும், அவர் வேலை பார்க்கும் சர்வரான செஷன் ஹோஸ்ட் அந்த ஃபைலை நெட்வொர்க் வழியாகவே ஒரு டிஸ்காக இணைத்து, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவர் பெயரில் மாட்டிவிடும். லாக்-ஆஃப் செய்தால் கழற்றிவிடும். காப்பி கிடையாது, டீ கிடையாது. உண்மையிலேயே வேகமாக இருந்தது. தானாக அமைத்தால் ஆளுக்கு 20 ஜிபி உச்சவரம்பு. உள்ளே ஃபைல் சேரச் சேரப் பெட்டி பருக்கும். உள்ளே அழித்தாலும் பெட்டி இளைக்காது. இந்த விஷயத்தில் அது நம்மைப் போல.

அந்த ஷேரைத் திறந்து பாருங்கள். ராஜா, மீனாட்சி, அக்கவுண்ட்ஸ் சுந்தரம் என்று எந்தப் பெயரும் இருக்காது. 'யுவிஎச்டி' என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு 'எஸ்-1-5-21' என்று ஆரம்பித்து மூன்று ராட்சச எண்கள், கடைசியில் ஒரு சின்ன எண். 300 பேர் இருந்தால் 300 வரி. கடைசி எண்ணைத் தவிர எல்லா வரியும் ஒன்று. அதுதான் எஸ்ஐடி. விண்டோஸுக்கு நீங்கள் யார் என்பது அந்த எண்தான். கல்யாணமாகிப் பெயரை மாற்றிக்கொண்டாலும் எண் மாறாது. ஆனால் உங்கள் கணக்கை யாரோ தவறிப்போய் அழித்து, அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் மறுபடி உருவாக்கினால் எண் வேறு. அப்போது நீங்கள் மறுபிறவி. முன்ஜென்மத்து டிஸ்க் பக்கத்திலேயே கிடக்கும், உங்களுக்கு உரிமை இருக்காது. சிடர் என்று ஒரு இலவசக் கருவி உண்டு, எந்த டிஸ்க் யாருடையது என்று எண்ணைப் பெயராக்கிக் காட்டும். அதை எழுதிய புண்ணியவானுக்கு எத்தனையோ அட்மின்கள் மனதுக்குள் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு.

பழைய ஸ்டோரேஜுக்கு வாரண்டி முடிந்தது, அல்லது இடம் முடிந்தது, அல்லது புதியதை வாங்கிவிட்டதால் எதையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும். காரணம் எதுவானாலும், யாரோ ஒருவர் 300 ஃபைலையும் தேர்ந்தெடுத்து, காப்பி, பேஸ்ட். விடியற்காலை ஃபைல் எண்ணிக்கை சரி, அளவு சரி. 'மைக்ரேஷன் சக்ஸஸ்' என்று மெயில். அதில் மேனேஜருக்கு மேனேஜர் வரை சிசி.

விண்டோஸில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. ஃபைலைக் காப்பி செய்தால், அது பழைய இடத்து அனுமதிகளை விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த ஃபோல்டரின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும். ரோபோகாப்பி என்ற கட்டளைகூட, தனியாகச் சொல்லாவிட்டால், தரவையும் பண்புகளையும் தேதியையும்தான் கொண்டுபோகும், அனுமதிகளைக் கொண்டுபோகாது. 'காப்பி ஆல்' என்ற ஸ்விட்சைச் சேர்த்தால்தான் சொத்துப் பத்திரமும் கூடப் போகும். புதிய ஃபோல்டரில் யாருக்கு அனுமதி? நம் ஆள் தனக்கும் அட்மின்களுக்கும் கொடுத்திருப்பார். கொஞ்சம் யோசிப்பவராக இருந்தால் யூசர்களுக்கும் கொடுத்திருப்பார். ஆனால் டிஸ்கைத் திறந்து மாட்டுவது செஷன் ஹோஸ்ட் என்ற அந்தச் சர்வர். ஆகவே அந்தச் சர்வரின் கம்ப்யூட்டர் கணக்குக்குத்தான் ஷேரிலும் ஃபோல்டரிலும் முழு அனுமதி வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுப்பதா என்று திகைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திகைத்து முடித்து, செக்யூரிட்டி டேப்பில் போய் சர்வர் பெயரை அடித்தால், 'அப்படி யாரும் இல்லை' என்று விண்டோஸ் கையை விரிக்கும். இருக்கிறது. 'ஆப்ஜெக்ட் டைப்ஸ்' பட்டனை அழுத்தி, அங்கே 'கம்ப்யூட்டர்ஸ்' என்ற பெட்டியில் டிக் போட்டால்தான் கம்ப்யூட்டர்களை ஒரு ஜீவராசியாக அது மதிக்கும்.

பிழைச் செய்தியாவது இதைச் சொல்லுமா? சர்வர் மேனேஜரில் புதிய பாதையைக் கொடுத்து 'அப்ளை' அழுத்தினால், புது டிஸ்குகளுக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட் டிஸ்கை உருவாக்க முடியவில்லை என்று சொல்லி, காரணமாக ஒரு எண் தரும்: -2147024891. மைனஸ் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபது லட்சத்துச் சொச்சம். ஏதோ பொதுத்துறை நிறுவனத்தின் ஆண்டு நஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எண்ணை ஹெக்ஸாக மாற்றி, கடைசி இலக்கத்தை எடுத்துப் பார்த்தால் 5 வரும். விண்டோஸ் பாஷையில் 5 என்றால் 'அனுமதி இல்லை'. இரண்டே சொல். இதற்கு இருநூறு கோடி. அதே இடத்தில் எண் -2147024816 என்று வந்தால், 'அந்த ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது' என்று பொருள். பழைய டெம்ப்ளேட் டிஸ்கையும் மற்றவற்றோடு சேர்த்துக் கொண்டுவந்துவிட்டீர்கள், புதியது செய்ய இடமில்லை. பழைய டெம்ப்ளேட்டின் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி அழுத்தினால் போகும். எண்ணைப் பார்த்து மிரண்டு சர்வரையே மறுபடி நிறுவியவர்களும் இந்த உலகத்தில்தான் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை. எந்த அலுவலகத்திலும் இந்த உரையாடல் இப்படித்தான் நடக்கும்.

"தம்பி, என் டெஸ்க்டாப்ல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

"மேடம், எதையும் சேவ் பண்ணாதீங்க."

"காலைலேர்ந்து ஜிஎஸ்டி வேலையை சேவ் பண்ணிட்டேதானே இருக்கேன்."

"எங்க சேவ் பண்ணீங்க?"

"டெஸ்க்டாப்லதான். வேற எங்க பண்ணுவாங்க?"

"சரி, லாக்-ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க, நான் நேர்ல வரேன்."

"அரை மணி முன்னாடி உங்க ஆளுதானே போன்ல லாக்-ஆஃப் பண்ணிட்டு உள்ள வரச் சொன்னாரு?"

டிஸ்கை மாட்ட முடியாதபோது விண்டோஸ் யூசரைத் திருப்பி அனுப்புவதில்லை. டெம்பரரி ப்ரொஃபைல் என்று ஒன்றை 'டெம்ப்' என்ற ஃபோல்டரில் கட்டிக் கொடுத்து உட்காரவைக்கும். மூலையில் ஒரு அறிவிப்பு வரும்: இதில் வைப்பதெல்லாம் நீங்கள் வெளியேறியதும் அழிக்கப்படும். அந்த அறிவிப்பை முழுதாகப் படித்த யூசர் இன்னும் பிறக்கவில்லை. ஈவண்ட் லாகில் 1511 என்ற எண்ணில் ஒரு குறிப்பும் இருக்கும். அதைப் படிக்க வேண்டியவர் அந்த நேரம் போனில் மேடத்திடம் மாட்டிக்கொண்டிருப்பார்.

அனுமதியைச் சரிசெய்த பிறகும் சிலருக்கு டெம்பரரி ப்ரொஃபைலே வந்துகொண்டிருக்கும். காரணம், செஷன் ஹோஸ்டின் ரெஜிஸ்ட்ரியில் 'ப்ரொஃபைல் லிஸ்ட்' என்ற இடம். காலையில் நடந்த தோல்வியை அது பத்திரமாக நினைவு வைத்திருக்கும். அந்த யூசரின் எஸ்ஐடிக்குப் பின்னால் '.பேக்' என்று வால் முளைத்த ஒரு பதிவு நிற்கும். யூசரை வெளியே வரச் சொல்லி, ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு, அந்தப் பழைய பதிவுகளை நீக்கினால் அடுத்த லாகினில் ஒழுங்காக வருவார். இதை ஒரு ஹோஸ்டில் செய்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஹோஸ்ட்களின் தொகுப்பான கலெக்‌ஷனில் எத்தனை ஹோஸ்ட் இருக்கிறதோ, அவர் இன்று காலை எதிலெல்லாம் மோதினாரோ, அத்தனையிலும் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை, பூட்டு. ஒரு விஎச்டிஎக்ஸை ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் எழுதும்படி மாட்ட முடியும். எங்கோ ஒரு ஹோஸ்டில் அவருடைய பழைய செஷன் 'டிஸ்கனெக்டட்' என்று அரை உயிரோடு கிடந்தாலும் புதிய இடத்தில் மாட்டாது. இதில் ரசமான ஒரு பாத்திரம், அக்கறையான அட்மின். யூசரின் ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க, அவர் டிஸ்கின் மேல் டபுள் கிளிக் செய்வார். அது ஒரு டிரைவாகத் திறக்கும். உள்ளே டெஸ்க்டாப், எக்செல், பேரக்குழந்தை எல்லாம் இருக்கும். 'டேட்டா சேஃப்' என்று நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, டிரைவை எஜெக்ட் செய்யாமல் சாப்பிடப் போவார். இப்போது டிஸ்க் அவர் பிடியில். யூசருக்கு மறுபடி டெம்பரரி ப்ரொஃபைல். மதியம் முழுவதும் பிரச்சினைக்கான காரணத்தைத் தேடுகிற குழுவுக்குத் தலைவரும் அவர்தான். ஃபைல் சர்வரில் 'ஓபன் ஃபைல்ஸ்' பட்டியலைப் பார்த்தால் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு எழுதியிருக்கும். அதைப் பார்க்கும் யோசனை ஏனோ மாலை டீக்குப் பிறகுதான் வரும்.

2018 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், எஃப்எஸ்லாஜிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. யுபிடி செய்ததையே அவர்கள் இன்னும் நேர்த்தியாகச் செய்துகொண்டிருந்தார்கள். வழக்கம்போல, பக்கத்து வீட்டுக்காரன் நன்றாகச் சமைத்தால் வீட்டையே வாங்கிவிடும் ரெட்மண்ட் மரபு. அசூர் மேல் ஓடும் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புகளில் இன்று பரவலாக இருப்பது இதுதான். பெட்டிகள் எங்கே என்று ரெஜிஸ்ட்ரியில் 'விஎச்டி லொக்கேஷன்ஸ்' என்ற ஒரு வரியில் எழுதுகிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களையும் எழுதலாம். பழைய இடத்தை மாற்ற மறந்தால் யூசர் பழைய டிஸ்கில் வேலை பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் அந்த ஸ்டோரேஜை அணைக்கும் நாள் வரை ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு ஃபோல்டர், பெயரில் முதலில் எஸ்ஐடி, பிறகு யூசர் பெயர். அகரவரிசையில் தேட முடியவில்லை என்று உலகெங்கும் அட்மின்கள் புலம்பியிருக்க வேண்டும், வரிசையைத் திருப்பிப் போட ஒரு அமைப்பு இருக்கிறது. அதன் அதிகாரபூர்வப் பெயர் 'ஃப்ளிப் ஃப்ளாப் ப்ரொஃபைல் டைரக்டரி நேம்'. நான் கேலிக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். இடம்பெயர்க்கும்போது பழைய ஃபோல்டர்கள் ஒரு வரிசையிலும் புதிய அமைப்பு மறு வரிசையிலும் இருந்தால், பெட்டி கண்ணெதிரே இருக்கும், மென்பொருள் இல்லை என்று சொல்லிப் புதியது ஒன்று செய்துகொள்ளும். ஒரு எழுத்து அழியவில்லை, தப்பான பெயரில் உட்கார்ந்திருக்கிறது. 1966 ஞாபகம் வருகிறதா?

கார்னகி மெலன்காரர்களின் பதிவேட்டு யோசனையும் விண்டோஸில் இல்லாமல் இல்லை. டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் என்று விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஷேருக்கு ஒரு பொதுப் பெயர் வைத்துவிட்டு, பின்னால் எந்தச் சர்வர் என்பதை ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் நாம் பாதை கேட்கும் இடத்தில் சர்வரின் நிஜப் பெயரையே அடிக்கிறோம், அந்தச் சர்வர் சிரஞ்சீவி என்று நினைத்துக்கொண்டு.

தூங்கியவர்கள் எழுந்திருக்கலாம். இந்த வெள்ளிக்கிழமை டிஸ்க் நகர்த்தப் போகிறவர்களுக்கு: எல்லோரையும் லாக்-ஆஃப் செய்ய வையுங்கள், டிஸ்கனெக்ட் ஆனவர்களையும் சேர்த்து. அனுமதிகளோடு காப்பி செய்யுங்கள். ஹோஸ்ட்களின் கம்ப்யூட்டர் கணக்குகளுக்கு முழு அனுமதி கொடுங்கள். ஒரே ஒரு டெஸ்ட் யூசரை லாகின் செய்ய வைத்து, அவருடைய பழைய வால்பேப்பர் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். 'சக்ஸஸ்' மெயிலை அதற்குப் பிறகு அனுப்புங்கள். பழைய ஷேரை எழுத முடியாதபடி பூட்டி, ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

திங்கட்கிழமை காலை காலியான டெஸ்க்டாப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: சேவ் செய்யாதீர்கள், போனை எடுங்கள். ஏற்கெனவே சேவ் செய்துவிட்டீர்கள் என்றால், ஐடி ஆள் நேரில் வந்து அதை வேறிடத்துக்கு எடுத்து வைக்கும்வரை, யார் போனில் என்ன சொன்னாலும் லாக்-ஆஃப் செய்யாதீர்கள்.